பானைக்குள் இருந்த மருந்து

முதுகில் ஒரு பை. அதற்குள் இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, தண்ணீர்ப் புட்டி, ஒரு குறிப்பேடு. இவ்வளவுதான் மூட்டை முடிச்சு. கையிலிருக்கும் பணத்துக்குத் தக்க இடத்தில் தங்கி, பேருந்திலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது என்று 2019 ஜனவரியில் கிளம்பியிருந்தேன். சென்னையில் நான் தங்கிய விடுதியில், என்னைப் போலவே முதுகுப் பையோடு வந்த மூன்று பேர் நண்பர்களாயினர். ஒருவர் கோழிக்கோட்டில் விலங்கியல் படிக்கும் மாணவி. இன்னொருவர் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர். தச்சு வேலை கற்றவர். மூன்றாமவர் தருமபுரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு, வேலையில் சேருமுன் நாலு ஊர் பார்க்கப் புறப்பட்டவர்.

“நாளைக்கு முதலைப் பண்ணைக்குப் போகலாமா?” என்று மாணவி கேட்டார். எல்லோரும் சரி என்றோம். தருமபுரி நண்பர் மட்டும், “முதலை பார்க்க வருகிறேன். பாம்பு இருக்கிற பக்கம் வரமாட்டேன்” என்றார். பயந்தாங்கொள்ளி என்று அவரைக் கேலி செய்தோம். அந்தக் கேலிக்காக மறுநாளே வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

வங்கியில் போட்ட முதலைகள்

திருவான்மியூரில் மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறினோம். முட்டுக்காட்டு உப்பங்கழியையும் கோவளத்தையும் கடந்தால், சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் வடநெம்மேலி. சாலையின் கிழக்கே மரங்கள் அடர்ந்த வளாகம். அதன் பின்னே கடல். இதுதான் சென்னை முதலைப் பண்ணை. நாம் பண்ணை என்கிறோம். ஆனால் இதை நிறுவியவர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயருக்கு ‘முதலை வங்கி’ என்று பொருள். ஏன் அப்படி?

1970-களின் தொடக்கத்தில் நம் நாட்டு முதலைகள் அழிந்துபோகும் நிலையில் இருந்தன. கைப்பை, செருப்பு, இடுப்புவார் செய்வதற்காக அவற்றைக் கொன்று தோலை உரித்தார்கள். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆனால் எஞ்சியிருந்தவை மிகக் குறைவு. அவற்றில் சிலவற்றைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துப் பெருக்கினால்தான் இனம் தப்பும். கிண்டியில் பாம்புப் பண்ணையை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் 1976-இல் வடநெம்மேலியில் அந்தப் பணியைத் தொடங்கினார்கள். வங்கியில் போட்ட பணம் வட்டியோடு வளர்வதைப் போல, இங்கே போட்ட முதலைகள் குட்டிகளோடு பெருக வேண்டும் என்பது எண்ணம்.

இந்தியாவில் வாழும் முதலை வகைகள் மூன்று. குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் சதுப்புநில முதலை. கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை. வட இந்திய ஆறுகளில் மீன் பிடித்து வாழும் நீண்ட, ஒடுங்கிய மூக்குடைய கரியல். மூன்றையும் அன்று பார்த்தோம். இவற்றுள் சதுப்புநில முதலை வங்கிக்கு அள்ளித் தந்தது. எவ்வளவு தெரியுமா? இடம் போதாமல், இடும் முட்டைகளை அகற்றியும் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தும் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று! முதலையைப் பெருக்கிவிடலாம், அதை விடுவதற்கு ஆற்றைப் பெருக்க முடியாதல்லவா?

வாயைத் திறந்திருப்பது ஏன்?

ஒரு தொட்டியின் மணற்கரையில் சதுப்புநில முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பல முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தன. “இவை பொம்மைகளா?” என்று ஜெர்மானிய நண்பர் கேட்டார். சொல்லி வைத்தாற்போல ஒன்று கண்ணை மூடித் திறந்தது!

ஊர்வனவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நண்பகல் வெயிலில் கிடக்கும் முதலையின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. நம் உடல் உணவை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. முதலையோ வெப்பத்தைச் சூரியனிடம் கடன் வாங்குகிறது. காலையில் கரையேறி வெயில் காய்கிறது. சூடு மிகுந்தால் நீரில் இறங்குகிறது. வாயைத் திறந்தால் உள்ளேயுள்ள ஈரமான தோலிலிருந்து நீர் ஆவியாகித் தலை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான்.

இப்படிக் கடன் வாங்குவதில் பெரும் சிக்கனம் இருக்கிறது. ஒரே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால், முதலைக்கு மிகக் குறைந்த உணவே போதும். வாரக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். முதலை அசையாமல் கிடப்பதைச் சோம்பல் என்று நினைக்கக் கூடாது. அது செலவைக் குறைக்கும் வழி.

வெப்பம் முதலையின் வாழ்வில் இன்னொரு வேலையும் செய்கிறது. மனிதரில் பிறப்பது ஆணா பெண்ணா என்பதை இனக்குரோமோசோம்கள் முடிவு செய்கின்றன. முதலைக்கு அத்தகைய குரோமோசோம்கள் இல்லை. முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பமே அதை முடிவு செய்கிறது! இந்தப் பண்ணையின் சதுப்புநில முதலை முட்டைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி 1989-இல் வெளியாயிற்று. முட்டைகளை 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நிலையான வெப்பத்தில் வைத்தபோது எல்லாம் பெண் குட்டிகள். 32.5 டிகிரியில் வைத்தபோது எல்லாம் ஆண் குட்டிகள். ஒன்றரை டிகிரி வேறுபாடு ஒரு தலைமுறையையே மாற்றிவிடுகிறது. பூமியின் வெப்பம் கூடிக்கொண்டே போனால் இத்தகைய பிராணிகளின் கதி என்னவாகும்? யோசித்துப் பாருங்கள்.

5 மீட்டருக்கும் மேல் நீளமான உவர்நீர் முதலை ஒன்றையும் பார்த்தோம். முதலையின் தாடையை மூடும் தசைகள் மிக வலியவை; திறக்கும் தசைகளோ வலுவற்றவை. வாயை மூடிக் கயிற்றால் கட்டிவிட்டால் அவ்வளவு பெரிய பிராணியாலும் அதைத் திறக்க முடியாது. “ஒவ்வொரு பயங்கரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு போலிருக்கிறது” என்றார் ஜெர்மானிய நண்பர்.

சவுக்கு மர நிழலில்

நண்பகலில் மர நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தோம். சாப்பிட்டு முடிந்ததும் மாணவி, “அடுத்தது பாம்பு நஞ்சு எடுக்கும் இடம்” என்று எழுந்தார். “நீங்கள் போய்விட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார் தருமபுரி நண்பர். நான் மறுபடியும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்துத் தாமாகவே சொன்னார்:

“எனக்குப் பத்து வயது. ஐப்பசி மாதம், நல்ல மழை. வீட்டுக்குள் தரையில் பாய் போட்டு எல்லோரும் படுத்திருந்தோம். நடுராத்திரியில் அண்ணன் எழுந்து வயிறு வலிக்கிறது என்றான். சாப்பாடு சேரவில்லை என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். விடியற்காலையில் அவனால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். பாயைச் சுருட்டும்போதுதான் அடியில் பாம்பைப் பார்த்தோம். கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். உடனே மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இரண்டு மணி நேரம் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.”

எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. கடைசியில் மாணவி மெதுவாக, “அது கட்டுவிரியன்” என்றார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். அந்தக் கணக்கில் ஒருவர் எங்கள் நண்பரின் அண்ணனாகவும் இருக்கலாம்.

அவரே எழுந்தார். “வாருங்கள். இனிமேலும் பார்க்காமல் இருந்து என்ன ஆகப் போகிறது?” என்றார்.

பானையும் கண்ணாடிக் குவளையும்

பண்ணைக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்சு எடுக்கும் நிலையம் இருக்கிறது. பள்ளமான மணல் தரையில் வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயும் துணியால் கட்டியிருந்தது. பானைக்குள் பாம்பு!

இருளர் தலைமுறை தலைமுறையாகப் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் வெளிநாடுகளுக்குப் போயிற்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையாலும் அந்தத் தொழில் நின்றது. பாம்புகள் பிழைத்தன. ஆனால் இருளருக்குப் பிழைப்பு? அதற்கு விடையாக 1978-இல் இந்தச் சங்கம் உருவாயிற்று. கொல்வதற்குப் பயன்பட்ட அதே திறமை இப்போது உயிர் காக்கப் பயன்படுகிறது. நஞ்சுமுறி மருந்து செய்வதற்கு இந்தியாவில் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இவர்கள் கைவழியாகவே கிடைத்து வந்திருக்கிறது.

நரைத்த தலையுடன் ஒரு பெரியவர் வேலை செய்துகொண்டிருந்தார். “ஐயா, பாம்பு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“பாம்பு பிடிக்கிறது கையில இல்ல தம்பி, கண்ணுல இருக்கு” என்றார் அவர். வளை வாயில் மண் வழவழப்பாக இருக்கிறதா, சட்டை உரிந்து கிடக்கிறதா, எச்சம் புதிதா பழையதா, மணலில் தடம் எந்தப் பக்கம் போகிறது - இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லிவிடுவார்களாம். கையில் இருக்கும் கருவி ஒரு கடப்பாரையும் ஒரு கோலும் மட்டுமே. இதுவும் அறிவியல் உற்றுநோக்கல்தான். ஏட்டில் எழுதப்படாதது, அவ்வளவே. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்ததைப் பின்னர் படித்தபோது எனக்கு இந்தப் பெரியவரின் நினைவுதான் வந்தது.

நம் நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும்தான். இவற்றிடமிருந்தே நஞ்சு எடுக்கிறார்கள். பெரியவர் ஒரு பானையைச் சாய்த்தார். கண்ணாடி விரியன் சீறிக்கொண்டு வெளியே வந்தது. கோலால் தலையை மெல்ல அழுத்தி, கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். வாயில் மெல்லிய சவ்வு இறுக்கிக் கட்டிய கண்ணாடிக் குவளையை நீட்டினார். பாம்பு சவ்வைக் கடித்தது. நஞ்சுப்பற்கள் சவ்வைத் துளைக்க, மஞ்சள் நிறத்தில் சில துளிகள் குவளையின் உட்பக்கம் வழிந்தன. சில விநாடிகளில் வேலை முடிந்தது. பாம்பு பானைக்குத் திரும்பியது.

அடுத்து வந்தது கட்டுவிரியன். பளபளக்கும் கறுப்பு உடல். மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் அது சாதுவாகச் சுருண்டுகொள்ளப் பார்த்தது. நண்பர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் நடுங்கின. ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

“ஐயா, இது கடித்தால் வலிக்காதா?”

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். சிலபேருக்கு அதுவும் தெரியாது. தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க.”

“என் அண்ணனும் எழுந்திருக்கவில்லை” என்றார் நண்பர். பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குவளையை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினார். அடியில் கலங்கலாய் ஒரு சிறு துளி. “மருந்தும் இதுல இருந்துதான் தம்பி வருது” என்றார்.

நஞ்சு மருந்தாவது எப்படி?

எடுத்த நஞ்சை உறைய வைத்து, ஈரத்தை நீக்கிப் பொடியாக்குகிறார்கள். மருந்து தயாரிக்கும் நிலையங்களில் இதை மிகமிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசி மூலம் செலுத்துகிறார்கள். பிறகு அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். குதிரையின் உடல், நஞ்சை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. குதிரையின் இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்து, எதிர்ப்பொருள்களைப் பிரித்துத் தூய்மை செய்தால் அதுவே நஞ்சுமுறி மருந்து. இந்த வழி 1894-இல் பிரான்சில் கண்டறியப்பட்டது. அதற்குப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் கால்மெட். காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசியின் பெயரிலுள்ள ‘சி’ இவரைத்தான் குறிக்கிறது.

நம் நாட்டு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்யப்படுகிறது. கடித்தது எது என்று தெரியாவிட்டாலும் மருத்துவர் இதைக் கொடுக்க முடியும். ஆகவே பாம்பைத் தேடிப்பிடித்து எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? நரம்பின் நுனி ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது தசையைச் சேர்ந்ததும் தசை சுருங்குகிறது. நல்ல பாம்பின் நஞ்சு தசையின் பக்கமுள்ள வாயிலை அடைக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பின் நுனியையே சிதைக்கிறது. முதலில் இமைகள் சரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, இறுதியில் மூச்சுத் தசைகள் ஓயும். இரத்தத்தில் சுற்றும் நஞ்சை எதிர்ப்பொருள்கள் பிடித்துச் செயலறச் செய்யும். ஆனால் சிதைந்த நரம்பு நுனியை அவற்றால் சரிசெய்ய முடியாது. அது மீண்டும் வளரும்வரை, சில நாட்கள், நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் வேண்டும். மருந்து, சுவாசக் கருவி இரண்டுமே மருத்துவமனையில்தான் உண்டு. மந்திரிப்பவரிடம் போன அந்த இரண்டு மணி நேரத்தின் விலை இப்போது உங்களுக்கு விளங்கும்.

விரியன்களின் நஞ்சு வேறு விதம். அது இரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. இதைக் கண்டறிய மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்கிறார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள்.

இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சிலிருந்து செய்த மருந்து, தொலைவிலுள்ள வேறொரு மாநிலத்தில் அதே அளவு நன்றாக வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாப் பகுதிகளுக்கும் ஏற்ற மருந்தைக் காண்பது உங்கள் தலைமுறை விஞ்ஞானிகளின் வேலையாக இருக்கலாம்.

நண்பர் எழுதிய தாள்

ஒரு பாம்பைச் சில வாரங்கள் மட்டுமே பானையில் வைத்திருப்பார்கள். சில முறை நஞ்சு எடுத்ததும், அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். “விட்டுவிடுவதா!” என்று நண்பர் முதலில் திடுக்கிட்டார். “இது இல்லைன்னா எலி வயலையே தின்னுடும். மருந்துக்கும் எங்கே போறது?” என்று பெரியவர் கேட்டார். நண்பரிடம் பதில் இல்லை.

திரும்பும் பேருந்தில் அவர் என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டார். மாணவியிடம் கேட்டுக் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதினார். அடையாறு வரும்வரை எழுதினார். அதில் இருந்தது இதுதான்:

1. பாம்பு கடித்தவரை நடக்கவோ ஓடவோ விடாதே. தைரியம் சொல்.
2. மோதிரம், வளையல், கொலுசு இவற்றைக் கழற்று. கடிபட்ட கை காலை, எலும்பு முறிந்தால் வைப்பது போல, ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் வை.
3. இறுகக் கட்டாதே. கத்தியால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே.
4. பாம்பைத் துரத்தாதே, நேரம் போகும்.
5. 108-க்குச் சொல். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. வழியில் வேறு எங்கும் நிற்காதே.
6. மழைக்காலத்தில் தரையில் படுக்காதே. கட்டிலில் படு, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகு. இரவில் கைவிளக்கு இல்லாமல் நடக்காதே.
7. தூங்கி எழுந்தவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து, கண் இமையும் சரிந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக் கடியாக இருக்கலாம். உடனே கிளம்பு.

ஏழாவதை எழுதியபின் அதன் கீழே இரண்டு கோடுகள் போட்டார். “ஊருக்குப் போனதும் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப் போகிறேன்” என்றார். பிறகு தாளை நான்காக மடித்து, முதுகுப் பையின் உள்ளறையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளிச் சுவரிலும் கொஞ்சம் இடம் இருக்குமல்லவா?